விளம்பரச் சல்லடை

காலையில் வந்த செய்தித்தாளை ஒருவர் எடுத்துக்கொள்கிறார். கத்தரிக்கோலால் அதிலுள்ள விளம்பரங்களை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். (பின்பக்கத்துச் செய்தியும் சேர்ந்து போய்விடும் என்பது வேறு விஷயம்.) பத்திரிகைக்கு இதனால் நட்டம் உண்டா? ஒரு பைசாகூட இல்லை. விளம்பரத்துக்கு உரிய கட்டணம் பக்கம் அச்சேறியபோதே கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. வாசகர் அதைப் பார்த்தாரா, வெட்டினாரா, அதில் வடையை மடித்தாரா என்று எவரும் கேட்கப் போவதில்லை.

இதே வெட்டு வேலையை இணையப் பக்கத்தில் செய்யும் மென்பொருள்கள் இருக்கின்றன. விளம்பரத் தடுப்பி என்று அவற்றைச் சொல்கிறோம். உலாவியுடன் இணைத்துவிட்டால் போதும்; பக்கத்தில் விளம்பரங்கள் மறைந்துவிடும். ஆனால் இங்கே கத்தரி பட்டவுடன் பத்திரிகையின் வருமானம் குறைகிறது. ஜெர்மனியில் ஒரு பெரிய பதிப்பு நிறுவனம் இதற்காக உச்ச நீதிமன்றம் வரை சென்றது. செயல் ஒன்றுதான். ஓரிடத்தில் நட்டமில்லை, மற்றோரிடத்தில் நட்டம். ஏன் இப்படி?

பக்கம் எங்கே அச்சாகிறது?

செய்தித்தாள் அச்சகத்தில் அச்சாகி, முழுப் பொருளாக உங்கள் வீட்டு வாசலில் விழுகிறது. இணையப் பக்கம் அப்படி வருவதில்லை. பத்திரிகையின் கணிப்பொறி உங்களுக்கு அனுப்புவது பக்கத்தை அன்று. பக்கத்தைத் தயாரிக்கும் குறிப்பைத்தான். ‘இந்த எழுத்துகளை இங்கே போடு; இந்தப் படத்தை இன்ன முகவரியில் கேட்டு வாங்கி அங்கே ஒட்டு’ என்று அதில் வரிசையாகக் கட்டளைகள் இருக்கும். உங்கள் கைப்பேசியிலுள்ள உலாவி அக்கட்டளைகளைப் படித்து, ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே கேட்டு வாங்கிப் பக்கத்தைக் கட்டி முடிக்கிறது. ஆக, அச்சகம் உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது.

விளம்பரத்துக்கு உரிய இடத்தில் என்ன கட்டளை இருக்கும்? தொடக்க நாட்களில் அது எளிமையாகவே இருந்தது. 1994 அக்டோபர் 27 அன்று ‘ஹாட்வயர்டு’ என்ற அமெரிக்க இணைய இதழ், பக்கத்தில் நீளப்பட்டையாகத் தோன்றும் விளம்பரங்களை வெளியிடத் தொடங்கியது. அவற்றுள் ஏ.டி. அண்டு டி. என்ற தொலைபேசி நிறுவனத்தின் பட்டை பெயர் பெற்றது. பார்த்தவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் அதை அழுத்திப் பார்த்தார்கள் என்று சொல்வதுண்டு. இன்று அத்தகைய பட்டைகளை நூற்றுக்கு ஒருவர்கூட அழுத்துவதில்லை. அப்போது விளம்பரப் படத்தையும் இதழே தன்னிடம் வைத்திருந்தது. செய்தித்தாளைப் போலவே இடத்தை விற்றது.

பின்னர் இடையில் தரகர்கள் புகுந்தார்கள். ‘டபுள்கிளிக்’ என்ற நிறுவனம் பல தளங்களுக்கும் ஒரே இடத்திலிருந்து விளம்பரங்களை அனுப்பியது. அதனை 310 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகக் கூகிள் 2007-ல் அறிவித்தது. 2008-ல் வாங்கி முடித்தது. அதற்குள் கட்டளையின் வடிவம் மாறிவிட்டது. ‘இந்த இடத்தில் எதைப் போடுவது என்று எனக்குத் தெரியாது, தரகரிடம் கேட்டுக்கொள்’ என்றுதான் இப்போது பத்திரிகை உலாவிக்குச் சொல்கிறது.

ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு

தரகர் என்ன செய்கிறார்? ஏலம் விடுகிறார்.

நீங்கள் ஒரு செய்தியின் தலைப்பைத் தொடுகிறீர்கள். உலாவி உடனே விளம்பரச் சந்தையின் கணிப்பொறிக்கு ஒரு வேண்டுகோள் அனுப்புகிறது. எந்தப் பக்கம், எத்தகைய கைப்பேசி, ஏறக்குறைய எந்த ஊர் என்ற விவரங்கள் அதனுடன் செல்கின்றன. பல சமயம் ஓர் அடையாள எண்ணும் செல்லும். நீங்கள் முன்பு வேறு தளங்களுக்குச் சென்றபோது உங்கள் உலாவியில் எழுதிவைக்கப்பட்ட எண் அது. அதனை ‘குக்கி’ என்பார்கள். நேற்று நீங்கள் மிதிவண்டி விலை பார்த்தீர்கள் என்பது அந்த எண்ணைக் கொண்டு தெரிந்துவிடும். சந்தை இவ்விவரங்களை ஏலம் கேட்பவர்களுக்கு அறிவிக்கிறது. அவர்களும் மனிதர்கள் அல்லர், கணிப்பொறிகளே. ஒவ்வொன்றும் ஒரு விலை சொல்கிறது. வென்றவரின் விளம்பரம் உங்கள் திரைக்கு வருகிறது. இவ்வளவும் ஏறக்குறைய ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நடந்தாக வேண்டும்.

இயற்பியல் படிப்பவர்கள் இங்கே சற்று நின்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கண்ணாடி இழையினுள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். பத்தில் ஒரு விநாடியில் 20,000 கிலோமீட்டர். போய்த் திரும்ப வேண்டும் என்பதால், கணக்கிடுவதற்கு நேரமே ஆகாது என்று கொண்டாலும், ஏலச் சந்தை உங்களிடமிருந்து 10,000 கிலோமீட்டருக்குமேல் தள்ளி இருக்க இயலாது. சென்னையில் இருப்பவருக்கு நியூயார்க்கில் ஏலம் விட முடியாது. ஆகவேதான் இந்நிறுவனங்கள் கண்டம்தோறும் கணிப்பொறிக் கூடங்களைக் கட்டிவைத்திருக்கின்றன. வாணிகத்துக்கு ஒளியின் வேகம் ஓர் எல்லையாக வந்து நிற்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

விலை பெரும்பாலும் ஆயிரம் தோற்றங்களுக்கு இவ்வளவு என்று பேசப்படும். ஓர் எடுத்துக்காட்டுக்காக, ஒரு சிறிய செய்தித் தளத்தின் பக்கங்கள் நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறை பார்க்கப்படுகின்றன என்றும், பக்கத்துக்கு 3 விளம்பரம் என்றும், ஆயிரம் தோற்றத்துக்குத் தளத்தின் கைக்கு 40 ரூபாய் வருகிறது என்றும் கொள்வோம். மூன்று லட்சம் தோற்றங்கள், 12,000 ரூபாய். பார்ப்பவர்களில் கால்பங்கினர் தடுப்பி வைத்திருந்தால் 9,000 ரூபாய். செய்தியாளர் சம்பளமும் கணிப்பொறி வாடகையும் குறைவதில்லை.

விளம்பரதாரர் கொடுத்த பணம் முழுவதும் தளத்தின் கைக்கு வருவதும் இல்லை. பிரிட்டனிலுள்ள விளம்பரதாரர் சங்கம் பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் என்ற தணிக்கை நிறுவனத்தைக் கொண்டு 2020-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. விளம்பரதாரர் செலவிட்ட 100 பவுனில் பதிப்பாளரை அடைந்தது 51 பவுன்தான். இன்னும் விந்தை, 15 பவுன் யாரிடம் போயிற்று என்பதைத் தணிக்கையாளர்களாலும் கண்டுபிடிக்க முடியவில்லை!

கதவைச் சாத்தும் வேலை

இனிக் கத்தரிக்கு வருவோம். 2002-ல் டென்மார்க் நாட்டு மாணவர் ஹென்ரிக் ஆஸ்டெட் ஸோரன்ஸன் ‘ஆட்பிளாக்’ என்ற சிறு மென்பொருளை எழுதினார். அதன் வழியில் வந்த ‘ஆட்பிளாக் பிளஸ்’ஸை 2006-ல் விளாடிமிர் பாலன்ட் உருவாக்கினார். 2014-ல் கனடாவைச் சேர்ந்த ரேமண்ட் ஹில் எழுதிய ‘யூபிளாக்’ வந்தது; பின்னர் ‘யூபிளாக் ஆரிஜின்’ என்று பெயர் பெற்ற அதற்கு அவர் நன்கொடைகூட வாங்குவதில்லை.

இவற்றின் உயிர்நாடி ஒரு பட்டியல். ‘ஈஸிலிஸ்ட்’ என்பது அவற்றுள் பெயர்போனது, 2005-ல் தொடங்கியது. விளம்பரம் அனுப்பும் கணிப்பொறிகளின் முகவரிகளும், விளம்பரப் பெட்டிகளுக்குத் தளத்தார் வைக்கும் பெயர்களும் பல பத்தாயிரம் வரிகளாக அதில் எழுதப்பட்டுள்ளன. தன்னார்வத் தொண்டர்கள் அதை நாள்தோறும் திருத்துகிறார்கள். உலாவி எந்தப் பொருளைக் கேட்டு வேண்டுகோள் அனுப்ப முனைந்தாலும், தடுப்பி முதலில் அம்முகவரியைப் பட்டியலுடன் ஒப்பிடுகிறது. பட்டியலில் இருந்தால் வேண்டுகோள் உங்கள் கைப்பேசியை விட்டு வெளியே போவதே இல்லை. பின்னர், காலியாக நிற்கும் பெட்டியையும் அது மறைத்துவிடுகிறது.

வேண்டுகோள் போகவில்லை என்றால் ஏலமே நடக்கவில்லை என்று பொருள். முதலில் கேட்ட கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. செய்தித்தாளில் விற்று முடிந்த பொருளைத்தான் நாம் வெட்டுகிறோம். இணையத்தில் சந்தை கூடுவதற்கு முன்பே கதவைச் சாத்திவிடுகிறோம்.

பழைய முறையில் தளமே தன் கட்டுரையோடு சேர்த்து வைக்கும் விளம்பரம் இந்தச் சல்லடையில் பெரும்பாலும் சிக்குவதில்லை என்பதையும் கவனியுங்கள். தரகர் முகவரி அதில் இல்லை அல்லவா?

வாசகர் தரப்பு

மக்கள் ஏன் இதை நாடினார்கள்? எரிச்சல் ஒரு காரணம். பக்கத்தின் மேல் தாமாகத் திறந்துகொள்ளும் சன்னல் விளம்பரங்களை உங்களுக்கு நினைவிருக்கும். 1990-களில் அதற்கு வழிசெய்த நிரலை எழுதிய ஈத்தன் ஸக்கர்மன் 2014-ல் அதற்காகப் பொதுமன்னிப்புக் கேட்டார்.

எரிச்சலைவிடப் பெரிய காரணம் சுமை. 2015 அக்டோபரில் ‘நியூயார்க் டைம்ஸ்’ 50 செய்தித் தளங்களைக் கைப்பேசியில் திறந்து அளந்து பார்த்தது. ‘பாஸ்டன் டாட் காம்’ தளத்தின் முகப்புப் பக்கம் 19.4 மெகாபைட் இருந்தது. அதில் செய்தி 4 மெகாபைட், மீதி 15.4 மெகாபைட்டும் விளம்பரம் சார்ந்தவை. செய்தி வந்து சேர 8 விநாடி, விளம்பரத்துக்கு மேலும் 30 விநாடி. டேட்டாவுக்குக் காசு கொடுப்பவர் வாசகர். செய்தித்தாள் விளம்பரத்தின் காகிதச் செலவை வாசகர் தலையில் தனியாகக் கட்டியதில்லை, இங்கே கட்டுகிறார்கள். ஆசிய நாடுகளில் கைப்பேசி உலாவிகளுக்குள்ளேயே தடுப்பி வைத்துத் தரப்பட்டபோது அவை பரவியதற்கு இதுவே பெருங்காரணம் என்று நான் நினைக்கிறேன். நம் நாட்டில் பலர் பயன்படுத்திய யூசி உலாவி அத்தகையது. 2020 ஜூனில் அரசு அதைத் தடை செய்தது.

ஆபத்தும் உண்டு. ஏலத்தில் எவரும் கேட்கலாம் என்றால் திருடனும் கேட்கலாம். 2016 மார்ச்சில் பி.பி.சி., நியூயார்க் டைம்ஸ் போன்ற பெரிய தளங்களிலேயே தரகர்கள் வழியாக நச்சு விளம்பரங்கள் நுழைந்தன. அவை பழைய மென்பொருள் வைத்திருந்தவர்களின் கணிப்பொறிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகையைச் சேர்ந்தவை. 2022 டிசம்பரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யே, தேடல் முடிவுகளில் வரும் போலி விளம்பரங்களிடமிருந்து தப்ப விளம்பரத் தடுப்பியைப் பயன்படுத்துமாறு பொதுமக்களுக்கு அறிவுரை சொன்னது. ஒரு நாட்டின் காவல் அமைப்பே கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தது எனலாம்.

நட்டம் யாருக்கு?

‘பேஜ்ஃபேர்’ என்ற நிறுவனத்தின் கணக்குப்படி 2016 முடிவில் உலகில் 61.5 கோடி கருவிகளில் தடுப்பி இருந்தது; அதில் 38 கோடி கைப்பேசி. முந்தைய ஆண்டு அந்நிறுவனம், தடுப்பிகளால் 2015-ல் ஏறத்தாழ 2,200 கோடி டாலர் வருமானம் போகும் என்று மதிப்பிட்டிருந்தது. ஆனால், இக்கணக்கைப் போட்டவர்கள் தடுப்பியைச் சமாளிக்கும் சேவையை விற்றவர்கள். தடுக்கப்பட்ட ஒவ்வொரு விளம்பரமும் விலை போயிருக்கும் என்பது அக்கணக்கின் அடிப்படை. விளம்பரதாரர் ஒதுக்கிய பணம் ஓரிடத்தில் செலவாகாவிட்டால் வேறிடத்தில் செலவாகும், ஆவியாகிப் போய்விடாது.

போகவும் இல்லை. கூகிளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டின் விளம்பர வருமானம் 2015-ல் 6,700 கோடி டாலருக்குச் சற்று மேல். 2024-ல் 26,400 கோடி டாலருக்கும் மேல். தடுப்பிகள் பரவிய அதே ஆண்டுகளில் நான்கு மடங்குக்கு அருகே! தொழில் சாகவில்லை, பெருத்தது.

அப்படியானால் அடி யார் மேல் விழுந்தது? ஷில்லர், வால்ட்ஃபோகல், ரயான் ஆகிய மூவர் 2013 முதல் 2016 வரை 2,574 தளங்களை ஆராய்ந்தார்கள். (இவர்களுள் ரயான் பேஜ்ஃபேர் நிறுவனத்தைச் சேர்ந்தவர், மற்ற இருவரும் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்கள்.) ஒரு தளத்துக்கு வருவோரில் தடுப்பி வைத்திருப்போர் ஒரு சதவீதப் புள்ளி கூடினால், 35 மாதங்களில் அத்தளத்துக்கு வருவோர் எண்ணிக்கை 0.67 சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். பத்துப் புள்ளி கூடினால் ஏறத்தாழ 6.7 சதவீதம். தடுப்பி வைத்தவர்களுக்குத் தளம் இன்னும் வசதியாக அல்லவா இருக்க வேண்டும்? கூட்டம் ஏன் குறைய வேண்டும்? வருமானம் குறைந்ததால் அத்தளங்கள் வெளியிடும் விஷயமும் குறைந்தது என்பதே அவர்கள் கண்ட விடை. அதாவது, தடுப்பி வைத்திராத வாசகரும் இழக்கிறார். பெரிய நிறுவனத்துக்குத் தேடல், காணொளி, கைப்பேசிச் செயலி என்று பல வாயில்கள். ஒரு செய்தித் தளத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றுதான்.

சுங்கச்சாவடி

ஆட்பிளாக் பிளஸ்ஸை நடத்த 2011-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ‘ஐயோ’ என்ற நிறுவனம் அமைக்கப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் அது ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கண்ணை உறுத்தாத, அளவான விளம்பரங்களை ‘ஏற்கத்தக்கவை’ என்று பட்டியலிட்டுச் சல்லடையில் விட்டுவிடுவது என்பதே அது. வேண்டாதவர் அந்த வசதியை நிறுத்திக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெரிய நிறுவனங்கள், இதனால் கிடைக்கும் கூடுதல் வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தைக் கட்டணமாகத் தரவேண்டும். பட்டியலில் உள்ளோரில் பெரும்பாலோர் சிறியவர்கள், அவர்களிடம் கட்டணம் இல்லை என்று அந்நிறுவனம் கூறியது. கூகிளும் மைக்ரோசாஃப்டும் அமேசானும் பணம் கட்டுகின்றன என்று 2015-ல் செய்தி வந்தது. கதவைச் சாத்தியவரே சாவியையும் விற்கிறார்!

ஜெர்மனியின் ‘பில்டு’ நாளிதழை நடத்தும் ஆக்ஸல் ஸ்பிரிங்கர் நிறுவனம் இதைக் கண்டு கொதித்தது. 2015 அக்டோபரில் பில்டு தன் இணையத் தளத்தில், தடுப்பியை நிறுத்துங்கள் அல்லது மாதம் 2.99 யூரோ கட்டுங்கள் என்று வாசகர்களுக்குச் சொல்லி மற்றவர்களுக்குக் கதவை மூடியது. தடுப்பி இருக்கிறது என்று தளத்துக்கு எப்படித் தெரியும்? ஓர் எளிய தூண்டில்தான். விளம்பரம் போன்ற பெயருடைய வெற்றுக் கோப்பு ஒன்றைப் பக்கத்தில் வைப்பார்கள். அது வந்து சேரவில்லை என்றால் தடுப்பி கடித்துவிட்டது என்று பொருள்.

வழக்கு 2018 ஏப்ரல் 19 அன்று முடிந்தது. தடுப்பியை வழங்குவதும், கட்டணம் வாங்கி விளம்பரத்தை அனுமதிப்பதும் முறையற்ற வாணிகப் போட்டி ஆகாது என்று ஜெர்மானிய உச்ச நீதிமன்றம் கூறியது. தடுப்பியைப் பயன்படுத்துவது வாசகரின் சொந்த முடிவு. தளத்தாரும் அவரைத் தம் தளத்துக்குள் விடாமல் இருக்கலாம் என்பது அதன் கருத்து.

உலாவியின் சொந்தக்காரர்

எல்லா வேண்டுகோள்களும் உலாவி வழியாகத்தானே போக வேண்டும்? ஆகவே கடைசிச் சொல் உலாவியை ஆக்குபவருடையது. உலகில் மிகுதியாகப் பயன்படும் உலாவி குரோம்; அது கூகிளுடையது. 2018 பிப்ரவரி 15 முதல் குரோமே, மிகவும் தொல்லை தரும் விளம்பரங்கள் உள்ள தளங்களில் அவற்றைத் தடுக்கத் தொடங்கியது. விளம்பரத்தால் வாழும் நிறுவனம் விளம்பரத்தைத் தடுப்பதா என்று வியக்க வேண்டாம். வாசகர் வெறுத்துப்போய் முழுத் தடுப்பியை நாடாதபடி, முள்ளை மட்டும் எடுத்துவிடுவது நல்ல கணக்குத்தான்.

அடுத்த மாற்றம் இன்னும் ஆழமானது. முன்பு தடுப்பியே ஒவ்வொரு வேண்டுகோளையும் பிடித்து நிறுத்தி, பார்த்து, முடிவு செய்து வந்தது. குரோமின் புதிய விதிமுறையில் அது இயலாது. தடுப்பி தன் விதிகளை முன்கூட்டியே உலாவியிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தடுப்பதை உலாவி செய்யும். விதிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. பாதுகாப்புக்காகவும் வேகத்துக்காகவும் இம்மாற்றம் என்று கூகிள் கூறியது. அதில் உண்மையும் உண்டு. ஒவ்வொரு வேண்டுகோளையும் பார்க்கக்கூடிய மென்பொருள் கெட்டவர் கையில் கிடைத்தால் உங்கள் இணைய நடமாட்டம் முழுவதும் அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் 2024, 2025 ஆண்டுகளில் யூபிளாக் ஆரிஜினின் முழு வடிவம் குரோமில் செயலிழந்தது. சுருக்கப்பட்ட வடிவம் ஒன்று தனியாக வந்தது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி பழைய முறையையும் விட்டுவைத்தது. கூகிளுக்கே உரிய யூடியூப் 2023-ல் தடுப்பி வைத்திருப்பவர்களின் காணொளிகளை நிறுத்தத் தொடங்கியிருந்ததையும் சேர்த்துப் பார்த்தால், ஏலம் விடுபவரும் கதவைச் செய்பவரும் ஒருவராக இருப்பதன் பொருள் விளங்கும்.

ஸ்பிரிங்கர் நிறுவனமோ விடவில்லை. இம்முறை காப்புரிமையைப் பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தின் நிரல் எங்கள் படைப்பு. வாசகரின் கணிப்பொறி நினைவகத்தில் அது விரியும்போது தடுப்பி அதனை எங்கள் அனுமதியின்றித் திருத்துகிறது என்பது அதன் வாதம். ஹாம்பர்க் நீதிமன்றங்கள் 2022-லும் 2023-லும் இவ்வாதத்தைத் தள்ளின. வீட்டுக்கு வந்த செய்தித்தாளை வெட்டுவது குற்றமாகாது என்பதில் எவருக்கும் ஐயமில்லை; ஆனால் வாசகரின் கைப்பேசியில் அப்போதுதான் அச்சாகிக்கொண்டிருக்கும் பக்கம் யாருடையது? உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 31 அன்று, இதனை இன்னும் நுட்பமாக ஆராய வேண்டும் என்று கூறி வழக்கை ஹாம்பர்க்குக்கே திருப்பி அனுப்பியது.